பியூரிட்டன்களும் நான்காம் ஜெபக்குறிப்பும்

மே 6, புதன்

காலையிலிருந்து மழை. கூரைப் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் சுவரால் வழிகிறது. ஏணி எடுக்க ராணி விடவில்லை. "விழுந்தா ஆர் தூக்கிறது" என்றாள். அறுபத்து நான்கு வயதில் மனைவி என்னை நம்பி விடாத காரியங்கள்: ஏணி, கறிக்கு உப்பு, இரகசியம்.

மூன்றாவதில் அவள் சொன்னது சரி.

மாலை எபநேசர் அண்ணன் வீட்டில் ஜெபக்கூட்டம். எட்டுப் பேர், கடலை, பிளேன் ரீ. வழக்கம்போல் வட்டமாக ஒவ்வொருவரும் ஜெபக்குறிப்பு சொல்லும் நேரம். ஒருவருக்கு முழங்கால் ஒப்பரேசன். ஒருவரின் மகளுக்குப் பரீட்சை. என் முறை. 17ஆம் தேதி கோயிலில் நான் பேச வேண்டிய பேச்சுக்காக ஜெபியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னது இது: "நிரோஜாவும் கரனும் ரெண்டு வருசமா ஒரு குடும்பமா இருக்கினம். கரன்ர விசா அலுவல் மினிஸ்ரரிட்டப் போகுது. அதுக்காக ஜெபிப்பம்."

பிறகு எல்லோரும் ஆமென்.

கரன் படகில் வந்தவன். இரண்டு வருடம் வில்லாவுட் தடுப்பு முகாமில். அகதி விண்ணப்பம் தள்ளுபடி, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விசா. சபைக்குத் தெரிந்த கதை, நிரோஜா வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருப்பவன் என்பது. உண்மை எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும், வாயால் சொல்லுவதில்லை. திங்கட்கிழமை நிரோஜா என்னிடம் வந்து கேட்டாள். லோயர் கடைசியாக மினிஸ்ரருக்கு ஒரு விண்ணப்பம் போடுகிறாராம். இருவரும் ஒரு குடும்பம் என்று கோயில் தலைப்புத் தாளில் கடிதம் வேண்டும், 22க்குள். நான் சபைச் செயலாளர். "அங்கிள், இப்போதைக்கு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." தலையாட்டினேன்.

சத்தியமாக, யாருக்காவது சொல்கிறேன் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஜெபிக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சேர முதலே வாட்ஸ்அப்பில் சபை முழுக்கப் போய்விட்டது. ஜெபக்குறிப்புகள். 1. முழங்கால். 2. பரீட்சை. 3. வெளிக்கதவுத் திருத்தம். 4. ஒரே வீட்டில் குடும்பமாக வாழும் நிரோஜா, கரன் - விசா.

மே 7, வியாழன்

குளிர். வேலை. செவன் ஹில்ஸ் களஞ்சியத்தில் இன்று கார்ப் பிரேக் பாட்ஸ் பெட்டிகள் மட்டும் இரண்டு பலெற் அடுக்கு. கை முழுக்க அட்டைப்பெட்டித் தூசி. ஊரில் சரித்திர மாஸ்ரர், இங்கே பெட்டி எண்ணும் மாஸ்ரர். பெயர் மட்டும் மாறவில்லை.

நிரோஜாவிடமிருந்து ஒரு மெசேஜ். "அங்கிள்?" அவ்வளவுதான். பதில் எழுதவில்லை. மூன்று தரம் எழுதி அழித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சுக்குக் குறிப்பு. 'எங்கள் விசுவாசத்தின் வேர்' என்று போதகர் தலைப்புக் கொடுத்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்கு வந்து பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிய அமெரிக்க மிஷனரிமாரிலிருந்து தொடங்குவேன். அவர்கள் நியூ இங்கிலாந்துக்காரர், நானூறு வருடத்துக்கு முன் மதத்துக்காக இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பியூரிட்டன்களின் வம்சம். ஆக நாங்களும் ஒரு வகையில் அந்த வம்சம்தான்.

மெல்பேர்னில் இருக்கும் மகனுக்குப் போன் எடுத்து, பியூரிட்டன் என்றால் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "தே வேர் தி ஃபன் பொலீஸ், அப்பா. அண்ட் தி விச்சஸ்." ஒரு சனம் காடு வெட்டி, ஊர் அமைத்து, கல்லூரி கட்டி, கடைசியில் மிஞ்சிய பேர் இது: சந்தோசத்தைப் பிடிக்கும் பொலீஸ், சூனியக்காரிகள்.

என் குறிப்பு:
- கறுப்பு உடுப்பு என்பது பாதிக் கதை. கறுப்புச் சாயம் விலை கூடியது, நல்ல நாளுக்கு. மற்ற நாளில் சிவப்பு, நீலம், மண்ணிறம்.
- பியர் குடித்தார்கள். பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள்.
- எழுத வாசிக்கப் படிப்பிக்க ஊருக்குச் சட்டம். ஊர்க்கூட்டம் கூடி முடிவு.
- மனதைச் சோதிக்க நாட்குறிப்பு வைத்தார்கள். (ம்.)
- மறுபக்கம்: வேறு விதமாக ஜெபித்தவர்களுக்குச் சவுக்கடி. துரத்திவிட்டும் திரும்பி வந்த குவேக்கர் என்ற வேறு சபையாருக்குத் தூக்கு. தங்கள் மனச்சாட்சியைக் காப்பாற்றக் கப்பலேறி வந்த சனம் இதைச் செய்தது.

அவர்களும் படகுச் சனம் என்று எழுதி வெட்டினேன். எபநேசர் அண்ணனுக்குக் கோபம் வரும்.

மாலை அவரே போன் எடுத்தார். "மாஸ்ரர், நீர் சொல்லிப்போட்டீர். இனி நாங்கள் கேக்காத மாதிரி இருக்கேலாது. ஞாயிறு கொமிற்றி."

மே 10, ஞாயிறு

அன்னையர் தினம். கோயிலில் பெண்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு வெள்ளைச் செவ்வந்தி. கொடுத்துக்கொண்டு வந்த பெண் நிரோஜாவிடம் வந்ததும் சற்றுத் தயங்கி, பிறகு கொடுத்தாள். அந்தத் தயக்கம் எனக்குத் தெரிந்தது. நிரோஜாவுக்கும் தெரிந்திருக்கும். கரன் கடைசி வரிசை, வழக்கம்போல். ஆராதனை முடிந்ததும் கதிரைகளை மடித்து அடுக்கினான். இரண்டு வருடமாக அவன்தான் அடுக்குகிறான். இன்று ஒருவரும் அவனுக்குக் கை கொடுக்கவில்லை.

கொமிற்றி. ஐந்து பேர். போதகர் நாகர்கோவில்காரர், நாற்பது வயது, குரல் உயர்த்தாத மனிதர். "சார், யாரையும் தண்டிக்கணும்னு இல்ல. அந்தப் பொண்ண நாம இழந்துடக் கூடாது. அன்போடதான் செய்றோம்." அன்போடு செய்த முடிவுகள், என் கையெழுத்தில்:

1. கடிதம் கொடுக்கப்படும்.
2. அதற்கு முன் 17ஆம் தேதி நிரோஜா சபை முன் நின்று அறிக்கையிட வேண்டும்.
3. கலியாணம் வரை இருவரும் வேறு வேறு வீட்டில் இருக்க வேண்டும். கடிதத்தில் அதையும் எழுத வேண்டும்.
4. அதுவரை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் படிப்பிக்கக் கூடாது.

கரன்? அவன் ஞானஸ்நானம் பெறாதவன், சபை அங்கத்தவன் இல்லை, ஆகவே அவனை நிற்கவைக்க முடியாது. "அவன் சைவம் தானே" என்றார் எபநேசர் அண்ணன். ஆக நிற்க வேண்டியது அவள் மட்டும்.

ஏகமனதாக என்று எழுதினேன். ஐந்தில் ஒரு மனம் என்னுடையது. ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. கடிதம் கிடைத்தால் போதும், இருபது நிமிட வெட்கம் போய்விடும் என்று கணக்குப் பார்த்தேன். கோழை என்று எழுதினால் எழுதிய திருப்தி வந்துவிடும். ஆகையால் எழுதவில்லை. எழுதிவிட்டேன்.

மே 12, செவ்வாய்

வெயில், காற்று. வேலை இல்லாத நாள். பென்டில் ஹில் கடையில் இடியப்ப மாவும் கருவாடும். பிறகு நிரோஜா வீடு. முடிவைச் சொல்லப் போக வேண்டும், செயலாளர் என்றால் அதுவும் வேலை.

குசினியில் கரன் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது, வெங்காயம் என்று வைத்துக்கொள்கிறேன். நிரோஜா வயோதிபர் இல்லத்து வேலையால் வந்து சீருடையோடு இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் கெட்ட எண்ணத்தில சொல்லேல்ல அங்கிள், எனக்குத் தெரியும்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

முடிவைச் சொன்னேன். அவள் கேட்டது ஒரு கேள்வி. "நிண்டா கடிதம் நிச்சயமா தருவினமோ?" ஓம் என்றேன். "அப்ப நிக்கிறன்."

கரன் கத்தியை வைத்துவிட்டு வந்து இருந்தான். ஏன் கலியாணம் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். முன்பே தெரிந்ததுதான், அவன் வாயால் கேட்டதில்லை. கடைசிச் சண்டையில் அவன் மனைவி காணாமல் போனவள். உடல் இல்லை, பேர் ஒரு பட்டியலிலும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் மறுமணம் செய்யலாம். "நான் கையெழுத்து வைச்சா அவ செத்தவ. வைக்காட்டில் காணாமப் போனவ. என்ர கையால அவவைச் சாகடிக்க மாட்டன், மாஸ்ரர்."

நிரோஜா அவன் தோளில் கை வைத்தாள். "நானும் அதை எடுக்கச் சொல்லி ஒருநாளும் கேக்கேல்ல."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இருந்து சாப்பிட்டேன். புட்டும் முட்டைப் பொரியலும். ரீவிச் சத்தம் கூட என்று அவள் அவனை ஏசினாள், அவன் குறைக்கவில்லை. கலியாணம் செய்து முப்பது வருடமானவர்கள் மாதிரி.

மே 14, வியாழன்

களஞ்சியத்தில் போர்க்லிப்ட் பழுது, இரண்டு மணிநேரம் சும்மா. நல்ல காலம். போனில் பழைய நியூ இங்கிலாந்துக் கோயில் பதிவேடு ஒன்றின் படங்கள் பார்த்தேன். ஆட்டுத் தோல் மட்டை, மங்கிய மை. பக்கத்துக்குப் பக்கம் ஒரே விதமான வரி. இன்னாரும் அவர் மனைவியும் கலியாணத்துக்கு முந்திய பாவத்தைச் சபை முன் அறிக்கையிட்டார்கள், ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். அடுத்த வரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மன்னித்தார்கள், அது உண்மை. நிற்கவைத்து மன்னித்தார்கள். எழுதியவன் கை நடுங்காத அழகான கை. அவன் பேர் எங்கும் இல்லை. அவனும் என்னைப்போல் ஒரு செயலாளன்.

பிறகு ஒன்று கண்டேன், மனம் துள்ளியது. பியூரிட்டன்களுக்குக் கலியாணம் கோயில் காரியமே இல்லை. ஆரம்ப காலத்தில் போதகர் அல்ல, நீதவான்தான் செய்துவைத்தார். அது மட்டுமில்லை. புருசன் கடலுக்குப் போய் வருடக்கணக்காகச் செய்தி இல்லையென்றால், சவம் கொண்டு வா, சான்றிதழ் கொண்டு வா என்று கேட்கவில்லை. இவ்வளவு காலம் காத்திருந்தது போதும் என்று நீதிமன்றமே அவளை மறுமணத்துக்கு விட்டது. உலகம் இரக்கமில்லாத சனம் என்று சொல்லும் அந்தச் சனம், காணாமல் போனவர்களின் வீட்டாருக்கு ஒரு வழி வைத்திருந்தது. எங்களிடம் அது இல்லை. ஊர்ச் சட்டத்திலும் இல்லை, கோயிலிலும் இல்லை.

இதுதான் என் பேச்சு என்று நினைத்தேன். ஒரு பந்தி எழுதினேன். கரன் பேர் இல்லை, ஆனால் கேட்பவர்களுக்கு விளங்கும்.

மாலை போதகருக்குக் குறிப்பை அனுப்பினேன், கேட்டிருந்தார். அரை மணியில் போன். "சார், ரொம்ப நல்லா இருக்கு. அந்த ஒரு பாரா மட்டும் வேணாமே. அன்னைக்கே அந்தப் பொண்ணும் நிக்குறா. சபை குழம்பிடும்." சரி என்றேன். வேறு என்ன வாயில் வரும்.

பந்தியைக் குறுக்குக் கோடு போட்டு வெட்டினேன். ராணி கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "என்னத்தை வெட்டிறியள்?" ஒன்றுமில்லை என்றேன்.

மே 16, சனி

தூறல். கரன் வீடு மாறினான். என் காரில்தான். செவன் ஹில்ஸில் நாலு பெடியன்கள் இருக்கும் வாடகை வீடு, ஓர் அறைக்கு இரண்டு பேர். அவன் கொண்டு வந்தது: ஒரு சூட்கேஸ், ஒரு மெத்தை, ரைஸ் குக்கர், கம்பளிச் சட்டை ஒன்று, செருப்பு. மெத்தையை நானும் அவனும் தூக்கிக் கூரையில் கட்டினோம். நிரோஜா வாசலில் நின்று கயிறு இறுக்கமா என்று பார்த்தாள். இறுக்கம் போதாது என்று அவளே திரும்பக் கட்டினாள்.

செவன் ஹில்ஸ் சிக்னலில் சொன்னான்: "வில்லாவுட்டிலையும் இப்பிடித்தான், அறைக்கு ரெண்டு பேர்."

மே 17, ஞாயிறு

பேசினேன். இருபத்திரண்டு நிமிடம். உடுப்பு, பியர், பள்ளிக்கூடம், ஊர்க்கூட்டம், யாழ்ப்பாணம். குவேக்கர்கள் பற்றி இரண்டு வசனம். மிஷனரிமார் காலத்தில் எங்கள் ஆட்களும் சபை முன் சோதிக்கப்பட்டுத்தான் சேர்க்கப்பட்டார்கள் என்றதும் எபநேசர் அண்ணன் தலையாட்டினார். பியர் என்றதும் சிரித்தார்கள். வெட்டிய பந்தி என் கையில் இருந்த தாளில்தான் இருந்தது, குறுக்குக் கோட்டுக்கடியில் ஒவ்வொரு சொல்லும் வாசிக்கத் தெளிவாக. வாசிக்கவில்லை.

பிறகு போதகர் அவளைக் கூப்பிட்டார்.

பின்னேரம் வேலை, ஆகையால் சீருடையோடு வந்திருந்தாள். கையில் தாள் இல்லை. மைக்கை வாங்கவில்லை, ஆனாலும் கேட்டது. "நான் கரனோட கலியாணம் செய்யாமல் ரெண்டு வருசம் இருந்தனான். சபைக்கு அதை மறைச்சனான். மறைச்சதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்." போதகர் காத்திருந்தார். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இருந்ததற்கும் என்று. எல்லோரும் காத்திருந்தோம். ஒரு குழந்தை அழத் தொடங்கி நின்றது. கடைசியில் அவள் தரையைப் பார்த்து, "இருந்ததுக்கும்" என்றாள்.

அப்போது நான் எழும்பியிருக்கலாம். இரண்டாம் வரிசையில்தான் இருந்தேன். அவளுக்கும் எனக்கும் இடையில் எபநேசர் அண்ணனின் முதுகு மட்டும். எழும்பவில்லை.

பிறகு மட்டன் ரோல்ஸ், தேத்தண்ணி. பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள். உண்மையான அழுகை, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். "நல்ல பேச்சு, மாஸ்ரர். இவ்வளவு விசயம் இருக்கெண்டு தெரியாது" என்று எனக்குப் பலர் கை தந்தார்கள். போதகர் கடிதத்தில் கையெழுத்து வைத்து என்னிடம் தந்தார்.

காரில் ராணி. "அந்தப் பிள்ளையோட நீங்களும் எழும்பியிருக்க வேணும். ஆற்ற வாயால வந்தது?"

மே 18, திங்கள்

போரில் இறந்தவர்களுக்கும் காணாமல் போனவர்களுக்கும் நினைவு நாள் கூட்டம். வேலையால் நேரே போனேன். குளிர், மெழுகுதிரிகள் காற்றுக்கு நிற்கவில்லை. கரன் மனைவியின் படத்தோடு. போன வருடம் படத்தின் மறுபக்கத்தை நிரோஜா பிடித்திருந்தாள். இம்முறை அவள் வரவில்லை. சேர்ந்து நின்றால் யாராவது பார்த்துச் சொல்வார்கள் என்றாளாம். கரன் இரண்டு கையாலும் தனியப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மே 19, செவ்வாய்

காலை பீலியைத் துப்புரவாக்க ஆள் வந்தான். நல்ல வெயில்.

பதினொரு மணிக்கு லோயர் போன் எடுத்தார். வெள்ளைக்காரப் பெண், அவசரமில்லாத குரல். நேற்று நான் அனுப்பிய கோயில் கடிதத்தை வாசித்திருக்கிறார். இந்த மூன்றாவது வசனம் ஏன் என்று கேட்டார். இருவரும் மனந்திரும்பி, 16ஆம் தேதி முதல் வேறு விலாசங்களில் வாழ்கிறார்கள் என்ற வசனம். அது உண்மை என்றேன்.

பிறகு நிதானமாக விளங்கப்படுத்தினார். விண்ணப்பம் முழுக்க நிற்பதே அவர்கள் ஒரே வீட்டில் ஒரு குடும்பம் என்பதில். இந்தக் கடிதத்தைப் போட முடியாது. போடாமல் விட்டாலும் புது விலாசத்தை மறைக்க முடியாது, பொய் எழுத மாட்டார். சட்டப்படி இப்போது அவர்கள் பிரிந்திருக்கிறார்கள்.

பிறகு என்னைக் கேட்டார். எவ்வளவு காலம் அவர்களைத் தெரியும்? இரண்டு வருடம். வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? எத்தனையோ தரம். அப்படியென்றால் நீங்களே எழுதியிருக்கலாமே. கோயில் தேவையில்லை, தலைப்புத் தாள் தேவையில்லை. பார்த்த ஓர் ஆள், பேர், விலாசம், கையெழுத்து. நிரோஜாவிடமும் அப்படித்தான் கேட்டாராம், தெரிந்த ஒருவர் எழுதினால் போதும் என்று.

எங்கள் காதில் அது கோயில் கடிதம் என்றுதான் விழுந்தது. அவளுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். ஊரில் கிராம அதிகாரி விதானையின் கடிதம் இல்லாமல் ஒரு அலுவல் இல்லை, கோயில் கடிதம் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை. தனி ஆளின் சொல்லுக்கு அங்கே ஒரு பெறுமதியும் இல்லை. ஒரு அரசாங்கம் என் கையெழுத்தைக் கேட்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஏணியிலிருந்து விழுந்தவன் மாதிரி முழு மத்தியானமும் இருந்தேன். ராணிக்குச் சொன்னேன். அவள் ஏசவில்லை. பேனையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

மே 20, புதன்

வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டேன். இன்று ஜெபக்கூட்டத்துக்கும் போகவில்லை.

கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். ஆங்கிலத்தில் அழகாக எழுத முயலவில்லை, கண்டதை மட்டும் எழுதினேன். பின்னேர வேலை முடிந்து வரும் அவளுக்காக அவன் பென்டில் ஹில் ஸ்ரேசனில் குடையோடு நிற்பது. அவள் சப்பாத்து அவன் சப்பாத்துக்குப் பக்கத்தில். முதுகு நோவுக்கு அவன் எண்ணெய் சூடாக்குவது. காணாமல் போன மனைவியின் படத்துக்கு நிரோஜா பூ வைப்பது. ரீவிச் சத்தத்துக்குச் சண்டை. 16ஆம் தேதி அவன் ஏன் வெளிக்கிட்டான், யார் கேட்டு வெளிக்கிட்டான், அந்தத் தீர்மானத்தை யார் எழுதினது என்பதும். என் பேர், விலாசம், கையெழுத்து.

லோயருக்கு அனுப்பினேன். சேர்த்துக்கொள்கிறேன், எவ்வளவு உதவும் என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நிரோஜா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசித்தாள். மெதுவாக வாசித்தாள், எண்ணெய் சூடாக்குவது வந்த இடத்தில் விரல் சற்று நின்றது. மடித்து என்னிடமே திரும்பத் தந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"இதை முதலே எழுதியிருக்கலாம் தானே, அங்கிள்."

ஓம் என்றேன்.